ஷாப்ளி வைனின் சுவைக்குக் காரணம் மண்ணா, குளிரா?

கேள்வி: புதிய பரிமாறுநர்

அனைவருக்கும் வணக்கம். பாரிஸில் ஓர் உணவகத்தில் பரிமாறும் வேலையில் சேர்ந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. தொடக்கத்தில் தட்டுகளை எடுத்துச் செல்வது மட்டுமே என் பொறுப்பாக இருந்தது. சென்ற மாதத்திலிருந்து, மீன் உணவு கேட்கும் விருந்தினர்களுக்கு வெள்ளை வைன் பரிந்துரைக்கும் பொறுப்பையும் என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் பட்டியலில் ஷாப்ளி என்ற பெயரில் நான்கு வைன்கள் இருக்கின்றன: பெத்தி ஷாப்ளி, ஷாப்ளி, மோன்மேன் என்னும் பிரமியே க்ரூ, லெ க்ளோ என்னும் கிராண்ட் க்ரூ. இவை கீழிருந்து மேலாக ஷாப்ளியின் நான்கு தர நிலைகள்; மோன்மேனும் லெ க்ளோவும் தோட்டப் பகுதிகளின் பெயர்கள். நான்குமே ஷார்தொனே என்னும் ஒரே திராட்சையிலிருந்து, ஒரே ஊரைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வருபவை. ஆனால் முதலாவதற்கும் கடைசிக்கும் இடையே விலை பல மடங்கு உயர்கிறது.

வைன் விற்பனையாளர் கொடுத்த தாளில், ஷாப்ளியின் மண்ணில் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய சிப்பி ஓடுகள் புதைந்திருப்பதாகவும், வைனில் தெரியும் உப்புச் சாயலும் கல்லின் நெடியும் அங்கிருந்தே வருவதாகவும் எழுதியிருந்தது. அதையே மனப்பாடமாக விருந்தினர்களிடம் சொல்லி வந்தேன். போன வாரம் ஒருவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, "அந்த ஓடு எந்த வழியாகத் திராட்சைக்குள் போகிறது?" என்று வினவினார். என்னிடம் பதில் இல்லை.

அதே மாலையில் இன்னொரு மேசையில் அமர்ந்திருந்த வயதான அமெரிக்கத் தம்பதியினர், இளமையில் தாங்கள் குடித்த ஷாப்ளி பெரிய குடுவையில் வந்த இனிப்பான மலிவு வைன் என்றும், அது இவ்வளவு விலைக்கு விற்கப்படுவது தங்களுக்கு விளங்கவில்லை என்றும் கூறினார்கள். அதற்கும் நான் தகுந்த விளக்கம் தரவில்லை.

மூன்றாவது சம்பவம்தான் எனக்கு அதிக வருத்தம் தந்தது. லெ க்ளோ போத்தல் ஒன்றைக் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்து, உடனே ஐஸ் வாளியில் வைத்துக் கொண்டுபோய்த் திறந்தேன். விருந்தினர் ஒரு வாய் அருந்திவிட்டு, மணமே இல்லை, புளிப்பு மட்டும் இருக்கிறது என்று குவளையைத் தள்ளி வைத்தார். என் மேலாளர் வந்து வாளியிலிருந்து போத்தலை வெளியே எடுத்து மேசையில் வைத்ததோடு சரி. ஏன் என்று எனக்கு விளக்க அவருக்கு நேரம் இருக்கவில்லை.

ஒரு சந்தேகம் இன்னும் இருக்கிறது. எங்களிடம் உள்ள, மெர்சோ என்னும் ஊரின் வைனும் ஷார்தொனேதான், அதுவும் ஷாப்ளியைப் போலப் பிரான்ஸின் பர்கண்டிப் பகுதியைச் சேர்ந்ததுதான். அதில் வெண்ணெயும் வறுத்த ஹேசல் கொட்டையும் மணக்கின்றன. ஷாப்ளியிலோ பச்சை ஆப்பிளும் எலுமிச்சைத் தோலும், மழை பெய்து நின்ற பிறகு கல்லிலிருந்து எழுகிற வாசமும் தெரிகின்றன. ஒரே கொடி இவ்வளவு வேறுபட்டுப் பேசுவது எப்படி? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் கடமைப்பட்டிருப்பேன்.

பதில் 1: செரேன் கரை

நண்பருக்கு வணக்கம். நான் ஷாப்ளிக்கு அருகில் உள்ள ஓசேர் நகரில் குடியிருந்து, பதினோராவது ஆண்டாக ஷாப்ளித் தோட்டங்களில் கவாத்து வேலை பார்த்து வருகிறேன். வைன் சுவைப்பதில் பட்டம் பெற்றவன் அல்லன். ஆனால் அந்தக் கொடிகளின் அருகில் கழித்த காலம் அதிகம் என்பதால், உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். மற்றவற்றுக்கான விடையும் அதில்தான் அடங்கியிருக்கிறது.

முதலில் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஷாப்ளி பர்கண்டியைச் சேர்ந்தது என்று சொல்லும்போது, மெர்சோவுக்குப் பக்கத்து ஊர் போலத் தோன்றிவிடுகிறது. உண்மையில் மெர்சோ இருக்கும் போன் நகரப் பகுதிக்கும் ஷாப்ளிக்கும் இடையே நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது, நடுவில் மோர்வான் மலைக்காடும் வருகிறது. ஷாம்பேன் பகுதியின் தெற்குத் தோட்டங்கள் எங்களுக்கு அதைவிட மிக அருகில் உள்ளன. பாரிஸிலிருந்து தென்கிழக்கே சுமார் 180 கிலோமீட்டர் தொலைவில், யோன் மாவட்டத்தில், செரேன் என்னும் சிறிய ஆற்றின் இரு கரைகளிலும் இருக்கும் சரிவுகள்தாம் ஷாப்ளி. குளிர்காலம் நீளமானது. வசந்தம் வந்துவிட்டது என்று நம்பிச் சட்டையைக் கழற்றினால், மறுநாள் காலையில் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கும்.

இந்தக் குளிர்தான், என் கருத்தில், ஷாப்ளியின் சுவைக்கு முதல் காரணம். திராட்சை பழுக்கப் பழுக்கச் சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும். பச்சை ஆப்பிளில் இருக்கும் அதே மாலிக் அமிலம் திராட்சையிலும் உண்டு. வெப்பம் கூடினால் பழம் தன் மூச்சிலேயே அதை எரித்துவிடும். வெயில் தாராளமாக இருக்கும் ஊரில் ஷார்தொனே அன்னாசி போலவும் மாம்பழம் போலவும் மணப்பதும், இங்கே எலுமிச்சைத் தோல் போல நிற்பதும் அதனால்தான். ஷார்தொனே தனக்கென்று ஓங்கிய மணம் இல்லாத திராட்சை. நறுமண வகைகளான மஸ்கத் போன்றவற்றை எங்கே நட்டாலும் அவற்றை அடையாளம் காணலாம். ஷார்தொனே அப்படியல்ல, வளரும் இடத்தையும் வைன் செய்பவரின் கையையும் அப்படியே காட்டிவிடும். இங்கே அது பழுப்பதற்கும் பழுக்காமல் போவதற்கும் இடைப்பட்ட எல்லையில் நிற்கிறது. அந்த எல்லையைத்தான் நீங்கள் குவளையில் உணர்கிறீர்கள்.

குளிர் சுவையைத் தருகிறது, அதே குளிர் விளைச்சலைப் பறித்தும் கொள்கிறது. துளிர் விடும் ஏப்ரல் முதல் மே நடுப்பகுதி வரை எங்களுக்கு உறக்கம் இல்லை. மே 11 முதல் 13 வரையிலான நாட்களைப் பனிப் புனிதர்களின் நாட்கள் என்று பிரெஞ்சு உழவர்கள் சொல்வார்கள், அவை கடந்தால்தான் மூச்சு வரும். 1945இல் உறைபனி தாக்கியபோது ஷாப்ளியில் விளைச்சலே இல்லாமல் போயிற்று. 1957லும் பேரழிவுதான். கொடியைப் பிடுங்கிவிட்டு வேறு பிழைப்பைப் பார்த்தவர்கள் பலர். 1950களில் ஷாப்ளித் தோட்டங்களின் மொத்தப் பரப்பே ஏறத்தாழ 500 ஹெக்டேராகச் சுருங்கியிருந்தது. இன்று அது ஐயாயிரத்தைத் தாண்டி நிற்கிறது என்றால், உறைபனியோடு போராடக் கற்றுக்கொண்டது அதற்கு முக்கியமான காரணம்.

2021 ஏப்ரல் தொடக்கத்தில் நான் வேலை பார்த்த சரிவில் நடந்ததைச் சொல்கிறேன். பெயின்ட் வாளி அளவுள்ள தகர டப்பாக்களில் பாரஃபின் மெழுகை நிரப்பி, கொடி வரிசைகளுக்கு நடுவே ஒரு ஹெக்டேருக்குச் சில நூறு என்ற கணக்கில் பகலிலேயே வைத்துவிட்டோம். இரவு இரண்டு மணிக்கு வெப்பமானி சுழிக்குக் கீழே போனதும் கைபேசியில் எச்சரிக்கை ஒலித்தது. கையில் எரியும் கருவியுடன் ஒவ்வொரு டப்பாவாகக் குனிந்து பற்றவைத்துக்கொண்டே மேலேறினேன். பாதி வழியில் திரும்பிப் பார்த்தபோது, பள்ளத்தாக்கு முழுவதும் கார்த்திகை விளக்கீட்டு இரவு போல வரிசை வரிசையாகச் சுடர்கள் நின்றன. அவ்வளவு அழகான காட்சியை அவ்வளவு அச்சத்தோடு நான் பார்த்ததில்லை. காலை எட்டு மணிக்குக் கைகள் புகைக்கரி பிடித்திருந்தன. ஒரு துளிரை எடுத்து நகத்தால் பிளந்து பார்த்தோம். நடுவில் பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது, பழுப்பாக இருந்தால் அந்த ஆண்டின் குலை போய்விட்டது. எங்கள் வரிசைகளில் பாதிக்கு மேல் பழுப்பு.

மெழுகுக்கு வசதி இல்லாத இடங்களில் தண்ணீர் தெளிப்பார்கள். கேட்பவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும், உறைபனி நாளில் கொடிக்கு நீரா என்று. ஒரு கிராம் தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 80 கலோரி வெப்பத்தை வெளியிடுகிறது. ஆகவே துளிரைச் சுற்றிப் பனிக்கட்டி உருவாகிக்கொண்டே இருக்கும்வரை, உள்ளே இருக்கும் துளிர் சுழிக்கு அருகிலேயே நின்று பிழைத்துக்கொள்ளும். ஆனால் சூரியன் ஏறிப் பனிக்கட்டி உருகும்வரை தெளிப்பதை நிறுத்தக் கூடாது, நடுவில் நின்றால் தெளிக்காமல் இருந்ததைவிட மோசமாகிவிடும். பக்கத்து ஊரான பேனில் உள்ள பெரிய ஏரி, இந்த நீருக்காகவே வெட்டப்பட்டது.

உங்கள் விருந்தினர் விலையைக் கேட்டால், இதையும் சொல்லலாம் என்பது என் எண்ணம்.

பதில் 2: பாறை படிப்பவள்

மேலே எழுதியவரின் முடிவோடு நான் பெரும்பாலும் உடன்படுகிறேன். நான் நிலவியல் படிப்பவள் என்பதால், சிப்பி ஓட்டுக் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். அந்த விருந்தினர் கேட்டது மிகச் சரியான கேள்வி.

ஓடுகள் இருப்பது உண்மை, அதில் ஐயம் வேண்டாம். ஷாப்ளியின் சரிவுகளில் கிம்மரிட்ஜியன் என்னும் காலத்தைச் சேர்ந்த சுண்ணாம்புக் களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் மாறி மாறி அடுக்குகளாக அமைந்துள்ளன. ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்த இடம் ஆழமற்ற வெப்பக் கடலாக இருந்தது. இங்கிலாந்தின் தெற்குக் கரையில் கிம்மரிட்ஜ் என்னும் சிற்றூர் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அல்சித் தொர்பிஞி என்னும் பிரெஞ்சு நிலவியலாளர் அவ்வூரின் பெயரை இந்தக் காலத்துக்கு வைத்தார். பாரிஸை மையமாக வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கிண்ணங்களைப் போலப் பாறைகள் கிடக்கின்றன என்று கற்பனை செய்யுங்கள். அவற்றுள் ஒரு கிண்ணத்தின் விளிம்பு தரைக்கு மேல் தலைகாட்டும் வளைவில்தான் ஷாம்பேனின் தெற்குப் பகுதியும், ஷாப்ளியும், சான்சேர் என்னும் இன்னொரு வைன் ஊரின் ஒரு பகுதியும் அமர்ந்திருக்கின்றன.

சென்ற ஆண்டு களப்பயணத்தில் கிராண்ட் க்ரூ சரிவின் அடியில் உழுத பாதையோரம் உள்ளங்கை அளவு கல் ஒன்றைப் பொறுக்கினேன். முதலில் சாம்பல் நிறக் கல்லாகத்தான் தெரிந்தது. போத்தலில் இருந்த நீரை ஊற்றி விரலால் தேய்த்ததும், நகத்தைவிடச் சிறிய ஓடுகள் நூற்றுக்கணக்கில், எள்ளை அள்ளித் தெளித்தது போல நெருக்கமாக எழும்பித் தெரிந்தன. ஒவ்வொன்றும் கால்புள்ளி வடிவத்தில் வளைந்திருந்தது. எக்சோஜைரா விர்குலா என்பது அந்தச் சிறு சிப்பியின் பழைய பெயர். பிரெஞ்சில் கால்புள்ளியை விர்குல் என்று சொல்வார்கள், அந்தப் பெயரை வைத்துக்கொண்டால் வடிவம் மறக்காது.

ஆனால் அந்தச் சிப்பிக்கும் நாம் இன்று தட்டில் வைக்கும் சிப்பிக்கும் உள்ள உறவு வைனுக்குள் போய்ச் சேர்வதில்லை. ஓடு என்பது கால்சியம் கார்பனேட். அதற்கு மணமும் இல்லை, நாவில் தெரியும் சுவையும் இல்லை. வேர் கல்லைத் தின்பதில்லை. நீரில் கரைந்த அயனிகளை மட்டுமே, அதுவும் தனக்கு வேண்டிய அளவில், அது உறிஞ்சுகிறது. வைனில் மிஞ்சும் கனிமப் பொருட்களின் அளவு மிகச் சிறிது, அதை நாவால் கண்டறிய இயலாது. நிலவியலாளர்கள் இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தும், சிப்பிக் கதை மிக அழகாக இருப்பதால் அது ஓயவில்லை. தீக்கல்லை உரசினாற்போன்ற நெடிக்குப் பெரும்பாலும் நொதிக்கும்போது உண்டாகும் கந்தகச் சேர்மங்கள் காரணம். உப்பு போன்ற உணர்வுக்கு, வாயில் உமிழ்நீரை ஊறச் செய்யும் கூர்மையான புளிப்பும், பழமணம் அடங்கியிருப்பதும் காரணமாகலாம் என்பது என் ஊகம்.

அப்படியென்றால் மண்ணுக்கு வேலையே இல்லையா என்று கேட்டால், நிச்சயம் உண்டு. களிமண் அடுக்கு கோடையில் நீரைப் பிடித்துவைக்கிறது, இடையில் இருக்கும் சுண்ணாம்புக்கல் மழைநீரைத் தேங்கவிடாமல் வடிக்கிறது. இப்படிக் கொடிக்குத் தாகமும் வராமல், வேர் அழுகலும் வராமல், மெதுவாகப் பழுக்க நேரம் கிடைக்கிறது. சரிவின் உச்சியில் மேலே படிந்திருக்கும், போர்ட்லாண்டியன் என்னும் அடுத்த காலத்துப் பாறை கெட்டியானது, ஓடுகள் குறைவு, மேல்மண்ணும் மெல்லியது, காற்றும் அங்கே அதிகம். பெத்தி ஷாப்ளி பெரும்பாலும் அங்கிருந்து வருகிறது. கிராண்ட் க்ரூ நிலங்களோ ஆற்றின் வலக்கரையில், ஊருக்கு நேர் எதிரே, தென்மேற்கு நோக்கிய ஒரே குன்றில் சேர்ந்தாற்போல் இருக்கின்றன. பிற்பகல் வெயில் முழுவதையும் அந்தக் குன்று வாங்கிக்கொள்கிறது. குளிர்ந்த ஊரில் கூடுதலாகக் கிடைக்கும் அந்த இரண்டு மணி நேர வெயிலின் மதிப்பு என்ன என்பதைச் செரேன் கரை நண்பர் என்னைவிட நன்றாகச் சொல்வார்.

விருந்தினரிடம், "இந்தக் கொடிகள் பழங்காலச் சிப்பிப் படுகையின் மேல் வளர்கின்றன" என்று சொல்லுங்கள், அது உண்மை. "அந்தச் சிப்பியின் சுவை இது" என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

புதிய பரிமாறுநர்

இருவருக்கும் மிக்க நன்றி. கால்புள்ளி வடிவச் சிப்பியை இனி மறக்க மாட்டேன். குளிர்தான் சுவைக்குக் காரணம் என்றால், லெ க்ளோவையும் குளிரக் குளிரக் கொடுத்தது ஏன் தவறாயிற்று? மெர்சோவின் வெண்ணெய் மணம் எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்கு இன்னும் தெளிவாகவில்லை.

பதில் 3: நிலவறைக் காப்பாளர்

தம்பி, உங்கள் இரு கேள்விகளுக்கும், அமெரிக்க விருந்தினரின் கேள்விக்கும் சேர்த்து எழுதுகிறேன். நான் லியோனில் ஓர் உணவகத்தின் நிலவறையைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன்.

வெண்ணெய் மணத்தைப் பற்றி ஒரு தவறான விளக்கம் பரவலாக இருக்கிறது. மாலிக் அமிலத்தைப் பாக்டீரியாக்கள் மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும் இரண்டாம் நொதித்தலில் அந்த மணம் பிறக்கிறது என்பது சரிதான். ஆனால் ஷாப்ளியில் அந்த நொதித்தலை நடக்கவிடுவதில்லை, ஆகவே மணம் இல்லை என்று பலர் சொல்கிறார்கள். அது சரியல்ல. ஷாப்ளியிலும் பெரும்பாலானோர் அதை நடக்க விடுகிறார்கள். வேறுபாடு வைன் தங்கும் கலத்தில் இருக்கிறது. மெர்சோவில் சிறிய ஓக் பீப்பாய்கள், அவற்றில் ஒரு பங்கு புதியவை. புதிய மரம் வெனிலாவையும், தீயில் வாட்டிய வாசத்தையும் கொடுக்கும். அடியில் படிந்த ஈஸ்ட் வண்டலோடு வைன் நெடுநாள் கிடப்பதும் கலக்கப்படுவதும் வாயில் அதன் கனத்தைக் கூட்டிவிடும். ஷாப்ளியில் எளிய நிலை வைன்களைப் பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகுத் தொட்டியில் வைப்பார்கள். எஃகு எதையும் தருவதில்லை, எதையும் எடுப்பதும் இல்லை.

இருப்பினும் ஷாப்ளி என்றாலே எஃகு என்று நினைத்துவிடாதீர்கள். ஃபையெத் என்னும் 132 லிட்டர்ப் பீப்பாய் இந்த ஊரின் பழைய அளவு, மற்ற இடங்களின் பர்கண்டிப் பீப்பாயைவிடச் சிறியது. இன்றும் பிரமியே க்ரூவுக்கும் கிராண்ட் க்ரூவுக்கும் பழகிப்போன பழைய பீப்பாய்களைப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது மரத்தின் மணம் அன்று. மரத்தின் நுண்துளைகள் வழியே வைன் மெல்ல மூச்சுவிட வேண்டும் என்பதே நோக்கம். இந்த இரு வழிகளில் எது உண்மையான ஷாப்ளி என்று ஊருக்குள்ளேயே நீண்ட விவாதம் உண்டு. நான் பழைய பீப்பாயின் பக்கம்.

அடுத்தது வெப்பநிலை. கொடி வாழ்ந்த குளிரும் குவளையின் குளிரும் ஒன்றல்ல. மணம் என்பது ஆவியாகி மூக்கை எட்ட வேண்டிய பொருள். வைன் ஐந்து, ஆறு டிகிரியில் இருந்தால் அது ஆவியாகாது, புளிப்பு மட்டும் முன்னே நிற்கும். உங்கள் விருந்தினர் சொன்னது இதைத்தான். பெத்தி ஷாப்ளியை 8 அல்லது 9 டிகிரியில் கொடுத்தால் நன்றாக இருக்கும், அதன் அழகு அந்தச் சில்லிப்பில்தான். ஷாப்ளியும் பிரமியே க்ரூவும் 10 முதல் 11. கிராண்ட் க்ரூ 12 முதல் 14 வரை தாங்கும். அதைச் சின்னக் குவளையில் ஊற்றாதீர்கள், வயிறு அகன்ற குவளையைத் தேர்ந்தெடுங்கள். இளமையான கிராண்ட் க்ரூ என்றால் அரை மணி நேரத்துக்கு முன்பே திறந்து வைப்பதும் உதவும். இந்த நிலத்து வைன்கள் பத்து ஆண்டுகள், நல்ல ஆண்டாக இருந்தால் அதற்கும் மேலாக, நிலவறையில் கிடந்து தேனும் காளானும் போன்ற மணத்துக்கு வந்து சேரும். இரண்டே ஆண்டுகளில் திறக்கப்படும் லெ க்ளோவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கும்.

அமெரிக்கத் தம்பதியினர் சொன்னதும் பொய்யல்ல. இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் எந்த வெள்ளை வைனுக்கும் ஷாப்ளி என்று பெயர் ஒட்டி விற்க அந்நாட்டுச் சட்டம் இடம் கொடுத்தது. அதில் ஷார்தொனே ஒரு துளிகூட இல்லாமல் இருக்கலாம், இனிப்பாகவும் இருக்கலாம். இளஞ்சிவப்பு ஷாப்ளி என்றுகூட ஒன்று விற்றது. 2006இல் ஐரோப்பிய ஒன்றியத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு புதிதாக எவரும் அந்தப் பெயரை எடுக்க முடியாது, ஆனால் ஏற்கெனவே வைத்திருந்த சில முத்திரைகளுக்கு விலக்கு உண்டு. பிரான்ஸிலோ ஷாப்ளி என்பது 1938 முதல் சட்டம் காக்கும் பெயர். அந்த ஊரின் வரையறுக்கப்பட்ட நிலத்தில் விளைந்த ஷார்தொனேயில் மட்டுமே செய்ய வேண்டும், செய்வதும் இனிப்பற்ற வைனாகத்தான் இருக்க வேண்டும். விருந்தினர் மனம் நோகாமல், "நீங்கள் அன்று குடித்தது பெயரை மட்டும் கடன் வாங்கியது, இது பெயருக்கு உரிய ஊரிலிருந்து வருகிறது" என்று சொல்லி, ஒரு மிடறு ஊற்றிக் கொடுங்கள்.

பதில் 4: செரேன் கரை

காப்பாளர் ஐயாவின் பதிலோடு ஒன்று சேர்க்க வேண்டும். நான்கு நிலைகளையும் தரத்தின் ஏணி போல மட்டும் விளக்குவதில் எனக்கு முழு உடன்பாடில்லை. கிராண்ட் க்ரூ என்பது மொத்தமே ஏறத்தாழ 100 ஹெக்டேர் கொண்ட குன்று. பிளான்ஷோ, பூக்ரோ, லெ க்ளோ, கிரெனூய், புரஸ், வால்முர், வோதேசிர் என்று அதில் ஏழு பகுதிகள். அதற்கு விலை ஏறுவதில் வியப்பில்லை. ஆனால் எது ஷாப்ளி, எது பெத்தி ஷாப்ளி என்ற கோட்டை வரைவதில் பாறை மட்டும் முடிவு செய்யவில்லை, மனிதர்களும் முடிவு செய்தார்கள். கிம்மரிட்ஜியன் மண்ணில் மட்டுமே ஷாப்ளி என்ற பெயரை அனுமதிக்க வேண்டும் என்று ஒரு தரப்பும், சரிவும் வெயிலும் அதே அளவு முக்கியம், ஆகவே எல்லையை விரிக்கலாம் என்று இன்னொரு தரப்பும் ஊருக்குள் பல ஆண்டுகள் மோதின. 1970களில் விரிவுபடுத்தலுக்கு ஆதரவாகவே முடிவு வந்தது. பாறை படிப்பவள் எழுதியதைப் படித்தபோது, அந்த முடிவுக்கு ஒரு நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. அதே வேளையில், வேகமாக நடப்பட்ட சில நிலங்களில் கவாத்து செய்யும்போது, இங்கே கொடி எதற்கு என்று நான் நினைத்ததும் உண்டு.

இரண்டு மணி நேர வெயிலின் மதிப்பைக் கேட்டிருந்தீர்கள். பிப்ரவரியில் இடக்கரை மோன்மேனில் கவாத்து செய்துவிட்டு மாலையில் எதிர்க்கரைக்குப் பார்வையைத் திருப்பினால், எங்கள் பக்கம் நிழல் விழுந்து விரல்கள் மரத்துப்போன பிறகும், லெ க்ளோவின் மேல் வெயில் மஞ்சளாக நின்றுகொண்டிருக்கும். அங்கே உறைபனி விரைவாக உருகும், துளிரும் முன்னதாக வரும். முன்னதாக வந்த துளிர் ஏப்ரல் குளிரில் முதலில் மாட்டிக்கொள்வதும் அந்த வெயிலுக்குக் கொடுக்கும் விலைதான்.

இன்னொரு மாற்றத்தையும் நாங்கள் பார்க்கிறோம். முன்பெல்லாம் செப்டம்பர் நடுவிலோ இறுதியிலோ தொடங்கும் அறுவடை, இப்போது சில ஆண்டுகளில் ஆகஸ்ட் கடைசியிலேயே தொடங்கிவிடுகிறது. மிதமான குளிர்காலத்தால் துளிர் முந்துகிறது, ஆனால் ஏப்ரல் உறைபனி பின்வாங்கவில்லை. வெப்பமான ஆண்டின் ஷாப்ளியில் பீச் பழச்சாயல் வருவதை நீங்களே கவனிக்கலாம். அத்தகைய ஆண்டுகளில், உச்சியில் காற்றடிக்கும் பெத்தி ஷாப்ளி நிலங்கள்தாம் பழைய கூர்மையைக் காப்பாற்றித் தருகின்றன. தர நிலைகளில் அடியில் இருக்கிறது என்பதற்காக அதைக் குறைத்துச் சொல்லிவிடாதீர்கள்.

புதிய பரிமாறுநர்

நேற்று மேலாளரின் அனுமதியோடு நான்கு போத்தல்களையும் வேலை தொடங்கும் முன்பு வரிசையாக வைத்துச் சுவைத்தோம். லெ க்ளோவை முக்கால் மணி நேரத்துக்கு முன்பே குளிர்ப்பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, வெப்பமானியில் 12 காட்டிய பிறகுதான் திறந்தேன். முதல் மிடறில் புளிப்பு தெரிந்தது. குவளையைக் கையில் வைத்துக்கொண்டு மேசைகளுக்குத் துணி விரித்து முடித்துவிட்டு வந்து மறுபடி முகர்ந்தபோது, வெள்ளைப் பூவும் ஈரக் கல்லும் பாதாம் பருப்பும் போல ஒரு மணம் எழுந்து நின்றது. அடுத்து குடித்த பெத்தி ஷாப்ளி, நறுக்கிய பச்சை ஆப்பிள் போலச் சட்டென்று நாவைத் தட்டியது. இன்றிரவு முதல் அதைச் சிப்பித் தட்டோடும், லெ க்ளோவை வெண்ணெயில் வதக்கிய சோல் மீனோடும் பரிந்துரைக்கப் போகிறேன். கிராண்ட் க்ரூ கேட்கும் விருந்தினர் மேசையில் ஐஸ் வாளி இருக்காது.